துருவேறிய உளியிலிருந்து முழுப் பெட்டி வரை: மலையில் ஒரு கருவிப் பட்டறை

வீட்டுப் பரணிலும் எஸ்டேட் குடோனிலும் துருவேறிக் கிடக்கும் கருவிகளைத் திரட்டிச் சரிசெய்து, தொழில் கற்றும் கருவி வாங்க வழியில்லாதவர்களிடம் சேர்ப்பது புது யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1979இல் தொடங்கிய டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலயன்ஸ், தன்னார்வலர்கள் புதுப்பித்த கருவிகளைத் தான்சானியா, கானா போன்ற நாடுகளுக்கு அனுப்பியது. அங்கே போனவை உதிரிக் கருவிகள் அல்ல, தொழில்வாரியாகக் கட்டிய பெட்டிகள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ தொடங்குகிறவர்களும் முதல் நாளிலிருந்தே பெட்டிக் கணக்கில் யோசிக்க வேண்டும். இருபது சுத்தியல் கையில் இருந்தாலும் ஒரு தச்சர் தொழில் தொடங்க முடியாது.

முதலில் மண்

உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்டது. கடுகைவிடச் சிறிய அதன் கூட்டுக்குள் முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மண் ஒட்டிய மண்வெட்டியோ களைக்கொத்தோ மலையிறங்கினால் புழுவும் கூடவே இறங்கும். அதனால் கொடுப்பவரின் தோட்டத்திலேயே மண்ணைச் சுரண்டிவிட்டு வாங்குங்கள். காம்பைக் கழற்றாமல் கழுவினால் பயனில்லை, வளையத்துக்குள் இறுகிய மண் அப்படியே இருக்கும். கழுவிய தண்ணீர் காய்கறி நிலத்துக்குப் போகக்கூடாது.

துரு

மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். லிட்டருக்கு 50 கிராம் கரைத்து, மரப்பிடியைக் கழற்றிவிட்டு, இரும்பு முழுதும் மூழ்க பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ஊட்டிக் குளிரில் வேலை மந்தமாகும், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் சரியாகிவிடும். நாள்கணக்கில் ஊறவிட்டால் நல்ல இரும்பையும் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். துத்தநாகம் பூசிய கருவிகளை இதில் போடவே வேண்டாம், பூச்சு கரைந்துவிடும்.

எடுத்த பிறகுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கம்பி பிரஷால் தேய்த்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்த நீரில் முக்கி, கடைசியாகக் கொதிநீர் ஊற்றுங்கள். இரும்பு சூடேறினால் ஈரம் தானே ஆவியாகும். துடைத்து, கைச்சூட்டோடு எண்ணெய் தடவுங்கள். பனிமூட்டம் உள்ள நாளில் ஈர இரும்பை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் செம்மஞ்சள் படலம் பூத்திருக்கும். துரு வேலையை ஜனவரி முதல் ஏப்ரல் வரை முடித்துக்கொண்டு, மழை மாதங்களைக் காம்பு செதுக்கவும் தையல் மெஷின் பழுது பார்க்கவும் ஒதுக்குவது நல்லது.

கூர்

உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தீட்டுங்கள். மின்சாணையில் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டும். நுனியில் நீலம் ஏறிவிட்டால் பதம், அதாவது இரும்பின் கடினம், போயிற்று என்று அர்த்தம். அந்த உளி பளபளவென்று இருக்கும், நாலு தட்டு தட்டியதும் மழுங்கிவிடும். சந்தேகம் இருந்தால் நுனியில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் இருக்கிறது, கடித்தால் இல்லை. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தபின் மறுபடி தீட்டுங்கள்.

இரும்பு உளியின் தலை காளான்போல் விரிந்திருந்தால் அந்த விளிம்பையும் தேய்த்துவிட வேண்டும். அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

காம்பு

மலையில் இறுக்கமாக மாட்டிய காம்பு திருப்பூர் வெயிலில் ஆடத் தொடங்கும். இங்கே ஈரம் ஊறிப் பருத்த மரம் அங்கே காய்ந்து சுருங்குவதுதான் காரணம். வெட்டிய கட்டையைக் குறைந்தது ஆறு மாதம் விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் போட்டு வையுங்கள், அதன் பிறகே செதுக்குங்கள். சீகை மரம் (வாட்டில்) நன்றாக உழைக்கும். சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கிறதே என்று சுத்தியலுக்குப் போடாதீர்கள், அடி தாங்காமல் முறியும். தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பது பழைய பழக்கம், காய்ந்ததும் முன்னைவிட மோசமாகும். ஆப்பு அடிப்பதுதான் சரி. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கிக் குவிக்காதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

தையல் மெஷின்

நின்றுபோன மெஷின்களில் பல கெட்டுப்போனவை அல்ல, தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசினாகியவை. ஊட்டிக் குளிரில் அந்த எண்ணெய் உறையவும் செய்யும். மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி, அழுக்கு வெளியேறியதும் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். புது ஊசி போட்டு, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் தைத்துப் பாருங்கள். அடியில் நூல் சிக்குச் சிக்காக வந்தால் மேல்நூலைக் கழற்றி மறுபடி கோர்த்துவிட்டுத்தான் இறுக்கத்தைத் திருகுங்கள். தைத்த துண்டை மெஷினோடு கட்டி அனுப்புங்கள், வாங்குபவருக்கு அதுவே சான்று.

பெட்டி

தச்சர் பெட்டியில் 500 கிராம் சுத்தியல், 12, 25 மில்லிமீட்டர் உளிகள், கைரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், டேப், கைத்துளைப்பான், தீட்டுக்கல் ஆகியவை வேண்டும். முக்கோண அரம் கட்டாயம். அது இல்லாவிட்டால் ரம்பம் மழுங்கிய அன்றே வேலை நிற்கும். மெக்கானிக் பெட்டியில் மில்லிமீட்டர் ஸ்பேனர் மட்டும் இருக்கட்டும். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் விட்வொர்த் அளவு (பழைய பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு) ஸ்பேனர் இன்றைய பைக்கின் போல்ட்டில் சரியாக உட்காராமல் முனையை மழுக்கிவிடும். அதைத் தனியே வையுங்கள்.

கட்டுவதற்கு எண்ணெய் தோய்ந்த செய்தித்தாளும் சாக்கும் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், பை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துத் துருவை வளர்க்கும். வெளிநாட்டுக்கு மரப்பெட்டியில் அனுப்புவதானால், மரம் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, மரப் பெட்டிகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15இன் முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

பெருகும்போது

பட்டறை வளர்கிறது என்பதற்குக் குவியல் அளவுகோல் அல்ல, வெளியே போன பெட்டிகளே அளவுகோல். நான்கு வாரத்தில் சரிசெய்ய முடியாத அளவு சேர்ந்துவிட்டால் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். மறுப்பது சங்கடம்தான், ஆனால் ஈரக் கொட்டகையில் குவித்த கருவி மீண்டும் துருப்பிடிக்கும். எது குறைகிறதோ அதை மட்டும் கேளுங்கள்: “இந்த மாதம் இழைப்புளியும் மூலைமட்டமும் வேண்டும்.”

டிரஸ்டாகப் பதிந்து, நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் பெற்றாலும், பொருளாகத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. கருவி கொடுப்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ரொக்கமாகத் தருவதில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அதற்கும் சலுகை இல்லை. வெளிநாட்டு உதவி வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும்.

பெட்டி கொடுத்த மூன்றாம் மாதம் ஒருவர் நேரில் போய்த் திறந்து பார்க்க வேண்டும். முக்கோண அரம் கைபடாமல் இருந்து ரம்பம் மழுங்கியிருந்தால், அங்கேயே உட்கார்ந்து பல் தீட்டிக் காட்டிவிட்டு வாருங்கள். தொடவே படாத கருவி எதுவென்று குறித்துக்கொண்டு, அடுத்த பெட்டியில் அதற்குப் பதில் அவர் கேட்பதை வையுங்கள்.