இங்கிலாந்துக் கிராமத்துப் பாரிஷ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி?

டெர்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள ஈம் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 1665 செப்டம்பரில் கொள்ளைநோய் புகுந்தபோது, அது பக்கத்து ஊர்களுக்குப் பரவாதபடி தன்னைத் தானே அடைத்துக்கொண்ட ஊர் அது. அங்கே தேடும் முறை இங்கிலாந்தின் மற்றக் கிராமங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நம் ஊர்ச் சபைகளில் சேகரம், பங்கு என்கிறோமே, பாரிஷ் அதைப் போன்றது. ஆனால் அங்கே அது வரி வசூலித்து ஏழைகளைப் பராமரித்த நிர்வாக அலகாகவும் இருந்தது. ஈம் பாரிஷுக்குள் ஃபூலோ போன்ற சிற்றூர்களும் அடங்கும். பிறந்த இடம் ஃபூலோ என்று இருந்தால் ஈம் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

எப்போதும் தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பெயர் பொருந்துகிறதே என்று 1600களிலிருந்து கீழே இறங்கி வந்தால், வேறொரு குடும்பத்தின் மரத்தை வரைந்து முடிப்பீர்கள்.

1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு உண்டு. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். ஈம் பேக்வெல் பதிவு மாவட்டத்தில் இருந்ததால், அட்டவணையில் பேக்வெல் என்றே வரும். கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பாருங்கள். 1841 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த பாரிஷ் எது என்பது 1851 கணக்கில்தான் கிடைக்கும். அந்த ஒரு சொல்தான் அடுத்து எந்த ஊர்ப் பதிவேட்டைத் திறப்பது என்று காட்டும்.

இனி கோயில் பதிவேடு, அதாவது பாரிஷ் தேவாலயத்தில் எழுதி வைத்தது. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணையால் தொடங்கிய வழக்கம் இது. அதில் இருப்பது ஞானஸ்நானமும் அடக்கமும்; பிறப்பும் இறப்பும் அல்ல. நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த வீடுகள் உண்டு. ஆகவே அந்தத் தேதியைப் பிறந்த தேதியாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். 1754க்குப் பிறகு திருமணப் பதிவில் ஓலை வாசித்த (திருமணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவித்த) விவரமும், மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் கையெழுத்தோ கைக்குறியோ இருக்கும். சாட்சிகள் பல நேரம் உறவினர்கள். அவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்ததால் தந்தையின் தொழில், குடியிருந்த இடம், இறந்தவரின் வயது எல்லாம் சேர்ந்தன.

அதற்கு முந்தைய காலத்தில் தவறு நேரும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஈம் கொள்ளைநோயில் முதலில் இறந்த ஜார்ஜ் விக்கர்ஸ் 1665 செப்டம்பரில் அடக்கமானார். அந்தக் கணக்குப்படி ‘1665 பிப்ரவரி’ என்றால் அது அவருக்கு முந்தைய அடக்கம் அல்ல, ஐந்து மாதம் பிந்தையது. இப்படிப்பட்ட தேதிகளை 1665/6 என்று இரட்டையாகக் குறியுங்கள்.

இரண்டாவது, லத்தீன். 1733 வரை பதிவுகள் லத்தீனிலும் இருக்கலாம். ‘யாகோபுஸ்’ என்பவர் பெரும்பாலும் ஜேம்ஸ்தான். தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் என்பதை ஆங்கிலத்தில் ஜேம்ஸ் நிருபம் என்கிறார்களே, அதே உறவு.

மூன்றாவதுதான் அதிகம் பேரை வழுக்கிவிடுவது: சரியான பெயரில், சரியான ஆண்டில் ஒரு குழந்தை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது. அந்தக் குழந்தை சில மாதங்களில் இறந்து, அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருக்கக்கூடும். கிடைத்த ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் அடுத்த சில ஆண்டுகளின் அடக்கப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள். சித்தப்பா, பெரியப்பா வீடுகளிலும் அதே பெயர் இருக்கும். ஊரில் அந்தக் குடும்பப் பெயருள்ள எல்லோரையும் எழுதி வீடு வீடாகப் பிரிப்பதே பாதுகாப்பு.

பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தால் பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல் உதவும். 1598 முதல் இது கட்டாயம். டெர்பிஷயர் 1884 வரை லிச்ஃபீல்டு பேராயத்தில் இருந்தது. அதனால் பாரிஷ் பதிவேடுகளுக்கு மேட்லாக்கில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகம் என்றால், பழைய நகல்களுக்கும் 1858க்கு முந்தைய உயில்களுக்கும் லிச்ஃபீல்டு ஆவணங்கள் இருக்கும் ஸ்டாஃபர்டை நாட வேண்டும்.

கோயில் பெட்டகத்தில் பதிவேடு மட்டும் இருந்ததில்லை. 1662 சட்டப்படி, உதவி கேட்கும் ஏழை எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்று விசாரித்து எழுதினார்கள். பிறந்த ஊர், யாரிடம் தொழில் பழகினார், எங்கே ஓராண்டு முழுக்கக் கூலிக்கு இருந்தார் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் கிடைக்கும். ஏழையின் வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் காகிதம் வேறில்லை. மணமாகாத தாயின் குழந்தைக்குப் பதிவேட்டில் தந்தை பெயர் இல்லாவிட்டால், பராமரிப்புச் செலவுக்காகத் தந்தையிடம் வாங்கிய பத்திரத்தில் அது இருக்கலாம். அத்தனை பாரிஷ்களிலும் இவை தப்பிப் பிழைக்கவில்லை. காப்பகப் பட்டியலை முதலில் பாருங்கள்.

பெரியவனான பிறகு திருமணமும் அடக்கமும் எங்கேயும் கிடைக்காத மகன் இருந்தால், முதலில் சுற்றிலும் 15 கிலோமீட்டர் வரை உள்ள பாரிஷ்களைத் தேடுங்கள். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுக் கோயிலில்தான் நடந்தது. அங்கும் இல்லையென்றால் படைப் பதிவுகளுக்குப் போங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து மதராஸ் வந்தவராக இருந்தால், அவருடைய திருமணமும் அடக்கமும் 1698இல் தொடங்கும் மதராஸ் கோயில் பதிவு நகல்களில், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கக்கூடும்.