திறந்த உரிமப் படங்களை வைத்துப் பாடத்தாள் செய்வது எப்படி?

இணையத்தில் இலவசமாக இறங்குவதையெல்லாம் மாற்றிப் பகிர முடியாது. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பீடிஎஃப் காசில்லாமல் கிடைக்கும், ஆனால் பதிப்புரிமை அப்படியே இருக்கும். வகுப்பறைப் பிரதிகளுக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் நியாயமான பயன்பாடு என்று இடம் விடுகிறது. அதே பக்கங்களை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்குத் திறந்த உரிமமுள்ள பொருள்தான் வேண்டும், அதாவது சில நிபந்தனைகளோடு பகிர உரியவரே முன்கூட்டி அனுமதி தந்த பொருள்.

தரம் 8 பிள்ளைகளுக்கு இரணைமடுக் குளம் பற்றி ஒரு தாள் செய்வோம்.

1. திறந்த உரிமப் படங்களைச் சேர்த்துவைக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் படம் தேடுங்கள். தமிழில் அகப்படாவிட்டால் ஆங்கிலப் பெயரிலும் தேடுங்கள். முகநூல் படங்கள் வேண்டாம், எடுத்தவர் யாரென்றே பெரும்பாலும் தெரியாது.

2. படத்தின் பக்கத்தில் கீழே இறங்கி உரிமத்தைப் படியுங்கள். பெரும்பாலும் காண்பது கிரியேட்டிவ் கொமன்ஸ் (சீசீ, CC) என்ற ஆயத்த உரிமம். அதில் ஆறு வகை, நான்கு குறிகளின் சேர்க்கை. பீவை (BY) என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். எஸ்ஏ (SA) என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். என்சீ (NC) வணிகத்துக்கு ஆகாது, கட்டணம் வாங்கும் ரியூசன் வகுப்புக்கு அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. என்டீ (ND) இருந்தால் விட்டுவிடுங்கள்: படத்திலுள்ள ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கிப் பகிரக்கூட முடியாது.

அதிகம் பிழை விடும் இடம் கலப்பதுதான். தமிழ் விக்கிப்பீடியாவின் உரை பீவை-எஸ்ஏ 4.0 (4.0 என்பது உரிமத்தின் பதிப்பு எண்). அதை பீவை-என்சீ-எஸ்ஏ உரையோடு பிசைந்து ஒரே கட்டுரையாக்க முடியாது. ஒன்று வணிகத்துக்கும் விடச் சொல்கிறது, மற்றது விடாதே என்கிறது. இரண்டும் தன் உரிமத்திலேயே வெளியிடு என்று கேட்கின்றன.

3. இறக்கிய கையோடு குறிப்பை எழுதுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது:

“இரணைமடுக் குளம்”, படம்: எடுத்தவரின் பயனர் பெயர், விக்கிமீடியா பொதுவகம், சீசீ பீவை-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது.

இணைப்பையும் சேருங்கள். போட்டோகொப்பி எடுக்கும்போது அடிவரி வெட்டுப்படாமல் படத்துக்கு நேர் கீழே போடுங்கள்.

4. ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருகிறதா? கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் தேவையில்லை. இறக்கிய கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோகும் பென் டிரைவ் எஃப்ஏடி32 (FAT32) என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 ஜீபீக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட் (exFAT) ஆக ஃபோர்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறிடத்தில் வையுங்கள்.

5. உங்கள் தாளிலும் உரிமத்தை எழுதுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பீடிஎஃப்போடு வேர்ட் கோப்பையும் பகிருங்கள்; மல்லாவியில் ஓர் ஆசிரியர் அதைத் தரம் 6 க்கு எளிதாக்க நினைத்தால் பீடிஎஃப்பில் கைவைப்பது பெரும்பாடு.