“ரீச்சர், கீறித் தாங்கோ”: முன்பள்ளி வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற மாதம் ஒட்டுசுட்டான் பக்கத்து முன்பள்ளி ஒன்றில், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் வகுப்பைப் பார்ப்பதற்காகப் பின்பக்கப் பாயில் அமர்ந்திருந்தேன். நான்கு வயதுப் பிள்ளையொன்று வண்ணத்துப்பூச்சி கீறிக்கொண்டிருந்தது. ஆசிரியை குனிந்து, “இப்பிடியில்லை அப்பன்” என்று செல்லமாகச் சொல்லியபடி பஸ்டலை வாங்கி, இரண்டு உணர்கொம்புகளையும் தாமே கீறிக் கொடுத்தார். அவருடைய குரலில் கடுமை சிறிதும் இருக்கவில்லை. அதனாலேயே அது தவறென்று அவருக்குத் தோன்றவுமில்லை. அடிப்பது, அதட்டுவது, கை கழுவ விடாமல் உணவுக்கு இருத்துவது போன்றவற்றைப் பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிள்ளையின் தாளில் நமது கை

மீள்குடியேறிய பின் வந்த இரண்டாவது மாரியில், கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில், தகரக் கூரையின் கீழ் 22 பிள்ளைகளுடன் நான் கற்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஆண்டிறுதிக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், நாலரை வயதுச் சிறுமியொருத்தி ஒரு முழுத் தாளையும் மண்ணிறப் பஸ்டலால் அழுத்தித் தேய்த்து, நடுவில் இரண்டு கறுப்பு வட்டங்களைப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள். “ரக்டர்” என்றாள். “சில்லுப் புதைஞ்சிட்டுது ரீச்சர்” என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வசனத்தை நான் காதில் வாங்கவில்லை. சுவரில் ஒட்டக்கூடியதாக ஏதாவது கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், புதிய தாளொன்றில் பெரிய சில்லு, சிறிய சில்லு, இருக்கை, புகைக்குழாய் எல்லாம் வைத்து அழகான ரக்டரொன்றைக் கீறி, அவளைச் சிவப்பு நிறம் தீட்டச் சொன்னேன்.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் எல்லாரும் நின்று பார்த்தார்கள். “என்ர பிள்ளையோ கீறினது?” என்று தாய் பூரிப்போடு கேட்க, “இல்லை, ரீச்சர் கீறினது” என்று அவள் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத வயது. அதன் பிறகு ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவள் எதையுமே தானாகக் கீறவில்லை. தாளையும் பஸ்டலையும் கொண்டுவந்து என் மடியில் வைத்து, “ரீச்சர், கீறித் தாங்கோ” என்று நின்றாள்.

அவளுடைய முதல் தாள் பின்னொரு நாள் பழைய கோவையொன்றில் அகப்பட்டது. அதன் மறுபக்கத்தில் நான் அன்றைய கஞ்சிக் கணக்கை எழுதியிருந்தேன்: பயறு 1 கிலோ, தேங்காய் 2. அப்போதுதான் அந்த மண்ணிறம் முழுவதும் வயற்சேறு என்பதும், சில்லின் கீழ்ப்பாதி சேற்றுக்குள் மறைந்திருந்ததால்தான் வட்டங்கள் முழுமையாக மூடப்படவில்லை என்பதும் கண்ணில் பட்டன. நான் கீறிக் கொடுத்த ரக்டரில் புதைவதற்குச் சேறே இருக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வளர்ச்சியின் ஒழுங்கு தெரிந்திருந்தால் இத்தனை அவசரம் வந்திராது. பிள்ளைகள் பொதுவாக 3 வயதளவில் வட்டத்தையும், 4 வயதளவில் சிலுவைக் குறியையும், அதன் பின் சதுரத்தையும், 5 வயதளவிலேயே முக்கோணத்தையும் பார்த்துக் கீறப் பழகுகின்றனர். மூன்று, நான்கு வயதில் அவர்கள் கீறும் மனிதருக்கு உடம்பே இராது. தலையிலிருந்தே காலும் கையும் முளைத்திருக்கும். உலகெங்கும் பிள்ளைகள் இப்படித்தான் கீறுகிறார்கள். அதற்கு வயிறும் கழுத்தும் வைத்துத் திருத்துகின்ற ஆசிரியர், இன்னும் முளைக்காத பல்லுக்கு முறுக்குக் கொடுப்பவரைப் போன்றவர்.

நான் இப்போது பிள்ளைகள் கீறும் வேளையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். “இது என்ன?” என்று கேட்பதில்லை, அக்கேள்வி, கீறியது விளங்கவில்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவிடும். “இதைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அதன் சொற்களிலேயே, திகதியுடன், தாளின் கீழ் எழுதிவிடுகிறேன். “என்ன ரீச்சர், கிறுக்கி அனுப்பியிருக்கிறியள்?” என்று கேட்ட தாய்மார், “சில்லுப் புதைஞ்சிட்டுது” என்பது போன்ற ஒரு வரி கீழே இருந்தால் அதே கிறுக்கலைப் பத்திரமாக வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சிறுமியை மீட்டது குளக்கரைக் களிமண். ஒரு பிடி மண்ணைக் கொடுத்து, நான் வேறு வேலை பார்ப்பதுபோல் இருந்தேன். மூன்றாம் நாள் அவள் சில்லு உருட்டினாள்.

ஒரே பூ, இருபத்திரண்டு தடவை

மாதிரியொன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு அதைப் போலவே எல்லாரும் செய்ய வேண்டும் என்பது படைப்புவேலை அன்று.

ஏடு தொடக்கிய மறுநாள்

விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது சடங்கு. மறுநாளும் அதே விரலைப் பிடித்துக் கொப்பியில் இரண்டு பக்கம் ‘அ’ எழுதுவிப்பது வதை. மணிக்கட்டிலுள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. முன்பள்ளி வயதில் அந்த வேலை முடிந்திராது. 1907இல் உரோமில் தமது முதற்பள்ளியைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், பென்சிலுக்கு முன்பே மணற்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவப் பழக்கினார். நமக்கோ முற்றத்து மணலே போதும், சிறிது நீர் தெளித்தால் கோடு சரியாது. ‘அ’வில் சுழியும் வளைவும் நெடுங்கோடும் ஒன்றாக வருவதால், ‘ட’, ‘ப’ போன்ற நேர்கோட்டு எழுத்துகளே சின்னக் கைக்கு முதலில் வசப்படும். பஸ்டலை முறித்துச் சிறு துண்டாகக் கொடுத்தால், முழுக் கையால் பொத்திப் பிடிக்க இடமில்லாமல் விரல்கள் தாமாகவே பிடிக்கப் பழகும். புதிய பெட்டியை முறிப்பதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

விதைகள்

எண்ணுவதற்கும் ஒட்டுச்சித்திரத்துக்கும் குன்றிமணி அழகானது என்று சில இடங்களில் இன்றும் வைத்திருக்கிறார்கள். ஓடு உடைந்த குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் மஞ்சள் அலரி விதையும் அவ்வாறே நச்சானவை. புளியங்கொட்டையில் அந்த நஞ்சு இல்லையென்றாலும், மூன்று வயதுப் பிள்ளை அதை மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் என்பதால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும்.

இலை பொறுக்க அனுப்புதல்

தனியே அனுப்பக் கூடாது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

கைப்பேசியில் பாட்டு

பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள், பாட மாட்டார்கள்.

கத்தரிக்கோல்

இடக்கைப் பிள்ளைக்கு வழமையான கத்தரிக்கோல் தாளை வெட்டாமல் மடிக்கும். இடக்கைக்கென்று செய்த ஒன்றையாவது வாங்கி வைக்க வேண்டும்.