சிறுகோளைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் ஒரு சின்னஞ்சிறு சிறுகோளைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் தேடுவது அதன் விட்டத்தை. ஏதோ ஓர் அட்டவணையில் '6 கி.மீ.' என்று இருந்தால், நாடா வைத்து அளந்த உறுதியோடு எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான சிறுகோள்கள் தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளிகள்தான். பிரகாசத்தைக் கொண்டே அளவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதற்கு மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதும் தெரிய வேண்டும். தனி ஒளியளவு (ஒரே நிலையான தொலைவில் வைத்துப் பார்த்தால் தெரியும் பிரகாசத்தைக் குறிக்கும் எண்) 15 என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீத ஒளியைத் திருப்பும் வெளிர்ப்பாறை என்றால் விட்டம் சுமார் 2.7 கி.மீ.; 5 சதவீதம் மட்டுமே திருப்பும் கரிய பாறை என்றால் கிட்டத்தட்ட 6 கி.மீ. பிரகாசம் ஒன்றுதான், பருமனோ (கன அளவு) பத்து மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது! அகச்சிவப்பில் வெப்பத்தை அளந்தோ, விண்மீனை அது மறைக்கும் நேரத்தைக் குறித்தோ பெற்ற அளவு என்றால் நம்பிக்கை கூடும். எந்த வழியில் கிடைத்த எண் என்று பார்க்காமல் எழுதக் கூடாது. ஒளியளவு எண் கூடக்கூடப் பொருள் மங்கலாகும் என்பதையும் பலர் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் 'ஒரே பாறை' என்று சொல்வது. 1997இல் நியர் விண்கலம் மெத்தில்டு சிறுகோளைக் கடந்தபோது, அதன் அடர்த்தி நீரைப்போல் சுமார் 1.3 மடங்குதான் என்று தெரிந்தது. உள்ளே அவ்வளவு வெற்றிடம். 2023 நவம்பரில் லூசி விண்கலம் பார்த்த டிங்கினேஷ் இன்னும் வேடிக்கை. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அதற்கு ஒரு துணைக்கோள். அந்தத் துணைக்கோளே ஒட்டிக்கொண்ட இரண்டு கட்டிகள்.

இந்தச் சிறுகோள்கள் சுற்றும் பட்டைக்குள் பாறைகள் நெருக்கியடிக்கின்றன என்பது திரைப்படக் கற்பனை. 1970களில் பயனியர் 10 சேதமின்றி அதைக் கடந்துபோனது. பட்டையின் மொத்த நிறையே நிலவின் நிறையில் சுமார் 3 சதவீதம்தான். பட்டை என்பது உடைந்த கோளின் மிச்சம் என்ற பழைய கதைக்கும் இது போதாது.

'பூமியை நோக்கி வருகிறது' என்ற தலைப்பையும் பட்டைச் சிறுகோள்களுக்குச் சூட்ட வேண்டாம். அவை பூமியின் பாதைக்கு வெகு வெளியே சுற்றுபவை. சூரியனிலிருந்து 2.5 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவே ஓர் அலகு) தொலைவில், வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று முறை சுற்றும் பாதையில் சிக்கும் துண்டுகள் காலப்போக்கில் உள்நோக்கி விலகக்கூடும். ஆனால் அது பல லட்சம் ஆண்டு விவகாரம்.

பெயருக்கு முன்னால் வரும் எண்ணும் அளவைக் குறிப்பதல்ல. சுற்றுப்பாதை உறுதியான பிறகு தரப்படும் வரிசை எண் அது.