ஒரு பிரவுசரில் பறக்கிறது, இன்னொன்றில் தவழ்கிறது: எங்கே தேடுவது?

"எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது!" நாம் எழுதிய வெப் பக்கம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் நம் வாயில் முதலில் வருவது இதுதான். புகார் சொன்னவர் வேறு கணினியில், வேறு பிரவுசரில், வேறு இணைப்பில் பார்த்திருப்பார். நிரலில் கைவைக்கும் முன் இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட வேண்டும்.

முதல் படி: ஒரே கணினி, ஒரே இணைப்பு, ஒரே பக்கம். மாறுவது பிரவுசர் மட்டும். குரோமிலும் எட்ஜிலும் பார்த்துவிட்டு "இரண்டிலும் சோதித்தேன்" என்று சொல்லாதீர்கள். 2020 ஜனவரியில் வெளிவந்த எட்ஜ் முதல் இரண்டுக்குள்ளும் ஓடுவது பிளிங்க் எஞ்சின்தான் (எஞ்சின் என்றால் பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் உள்பகுதி). கெக்கோவில் ஓடும் ஃபயர்பாக்ஸையும் வெப்கிட்டில் ஓடும் சஃபாரியையும் சேர்த்தால்தான் அது ஒப்பீடு. குரோமில் வேகம், எட்ஜில் மந்தம் என்றால், பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் நாமே சேர்த்த துணை நிரல்) செட்டிங்கோதான் காரணம்.

அதனால் அடுத்து, இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி தராதவரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. ஒரு சின்ன எச்சரிக்கை: புது இன்காக்னிட்டோ ஜன்னலில் கேஷ் (ஏற்கெனவே இறக்கிய கோப்புகளின் சேமிப்பு) காலியாக இருக்கும், முதல் முறை மெதுவாகத்தான் வரும். ஒருமுறை ரீலோட் செய்துவிட்டு, இரண்டாவது முறையைக் கணக்கில் எடுங்கள்.

சரி, அங்கேயும் மெதுவா? எஃப்12 அழுத்தி டெவலப்பர் கருவிகளைத் திறந்து நெட்வொர்க் டேபுக்குப் போங்கள். சஃபாரியில் முதலில் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் டெவலப்பர் வசதிகளை இயக்க வேண்டும். "டிஸேபிள் கேஷ்" டிக் செய்து ரீலோட் செய்யுங்கள். நேரம் தின்னும் வரியை கிளிக் செய்து டைமிங் பகுதியைப் பாருங்கள். சர்வர் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் எல்லா பிரவுசரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நீண்டிருந்தால், பிரவுசரைத் திட்டிப் பயனில்லை, சர்வர் பக்கம் போங்கள்.

நெட்வொர்க் சுத்தமாக இருந்தும் ஸ்க்ரோல் செய்தால் திக்குகிறதா? பெர்ஃபார்மன்ஸ் டேபைத் திறந்து ரெக்கார்ட் அழுத்துங்கள். எந்த இடத்தில் திக்குகிறதோ அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துங்கள். 5 விநாடி போதும், நிமிடக் கணக்கில் பதிவு செய்தால் கண்தான் வலிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு (அடுத்தடுத்து திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. 50 மில்லி விநாடியைத் தாண்டும் வேலைகளைக் குரோம் சிவப்பில் குறித்துக் காட்டும். மஞ்சள் பட்டை என்றால் ஜாவாஸ்கிரிப்ட், ஊதா என்றால் லேஅவுட் கணக்கு (எது எங்கே, எவ்வளவு பெரிதாக என்ற கணக்கு), பச்சை என்றால் திரையில் வரைவது.

நான் எழுதிய ஒரு நீளமான அட்டவணைப் பக்கம் ஒரு பிரவுசரில் வழுக்கிக்கொண்டு ஓடியது, இன்னொன்றில் உறைந்து நின்றது. பதிவில் பார்த்தால் வரிசையாக ஊதாக் கோடுகள், சீப்புப் பற்கள் மாதிரி. லூப்புக்குள் ஒரு வரிசையின் உயரத்தை அளப்பேன், உடனே அகலத்தை மாற்றுவேன், அடுத்த வரிசையை அளப்பேன். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் பிரவுசர் லேஅவுட்டைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருந்தது. எல்லா உயரங்களையும் முதலில் அளந்து வைத்துக்கொண்டு, அப்புறம் மொத்தமாக மாற்றும்படி லூப்பை இரண்டாகப் பிரித்தேன். சீப்பு காணாமல் போனது, இரண்டு பிரவுசரிலும். வேகமான பிரவுசரும் அதே வீண் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது, என் கண்ணுக்குத் தெரியாத அளவு சீக்கிரமாக.

பச்சை அதிகம் என்றால் பெரிய நிழல்கள், மங்கலாக்கும் ஃபில்டர்கள் இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அந்தப் பிரவுசரின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் (வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"ஐபோன் குரோமில் மட்டும் மெதுவாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் கம்ப்யூட்டர் குரோமில் தேடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் வெளியே ஐபோனில் எந்தப் பிரவுசரும் வெப்கிட்டில்தான் ஓடுகிறது. ஐபோனின் சஃபாரி செட்டிங்ஸில் வெப் இன்ஸ்பெக்டரை இயக்கி, ஃபோனை கேபிளில் மேக்குடன் இணைத்து, பக்கத்தை ஃபோன் சஃபாரியில் திறந்துவிட்டு, மேக் சஃபாரியின் டெவலப் மெனுவில் ஃபோனின் பெயரைத் தேடுங்கள்.