திரையில் ஓடிய ரயிலைத் தேடி: ஊருக்குக் கிளம்புகிற ரயில் பிரியர்களுக்கு

கதாநாயகன் மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மஞ்சள் பையோடு மெட்ராஸ் வந்து இறங்குவான். கேமரா உயர்ந்து சென்ட்ரலின் சிவப்புக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் காட்டும். ரயில் பித்துப் பிடித்தவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். மதுரை, திருநெல்வேலி வண்டிகள் அன்றும் இன்றும் வந்து நிற்பது பெரும்பாலும் எழும்பூரில். சென்ட்ரலில் இறங்க வேண்டுமென்றால் நம் ஆள் கோயம்புத்தூர்க்காரராகவோ பெங்களூரிலிருந்து வருபவராகவோ இருக்க வேண்டும். ஆனாலும் 1873-ல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகவெட்டு படக்காரர்களை விடவில்லை. 1908-ல் திறந்த எழும்பூரும் அழகில் குறைந்ததல்ல, ஆனால் "பட்டணம்" என்றவுடன் சினிமாவுக்கு நினைவு வருவது சென்ட்ரல்தான்.

இதைப் போன்ற விஷயங்களுக்காகவே படம் பார்ப்பவர் நீங்கள் என்றால், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வரும்போது அந்த ரயிலடிகளை நேரில் பார்க்க ஆசை இருக்கும். கிளம்பும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் படத்தில் பார்த்த ரயில்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. வண்டி மட்டும் மாறவில்லை, தண்டவாளமே மாறிவிட்டது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரு மீட்டர் அகலமே உள்ள மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய காலத்தில் எடுத்த படங்கள் அவை. தொண்ணூறுகளில் தொடங்கி நீலகிரி மலைப்பாதை தவிர எல்லாப் பாதைகளையும் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக (பிராட் கேஜ்) மாற்றினார்கள். கூடவே பல ஊர்களின் பழைய ஸ்டேஷன் கட்டடம், தாழ்வான பிளாட்பாரம், கைகாட்டி மரம் எல்லாம் போய்விட்டன. சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயில்கூட 2004 வரை மீட்டர் கேஜில் ஓடியது. அதனால் எங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துத்தான் பயணத் திட்டம் போட வேண்டும்.

படத்தை வைத்தே கொஞ்சம் துப்புத் துலக்கலாம். எஞ்சினின் எழுத்துக் குறி ஒய் என்று தொடங்கினால் மீட்டர் கேஜ், டபிள்யூ என்றால் பிராட் கேஜ். பெட்டிகள் செங்காவி நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முந்தைய படம், அதன் பிறகு நீலம் வந்தது. ஸ்டேஷன் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். கதைக்கு ஏற்றபடி எழுதி நட்டுவிடுவார்கள். "16 வயதினிலே" மயிலு காத்திருந்த ஸ்டேஷனைத் தேனிப் பக்கம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தின் கிராமமே பெரும்பாலும் கர்நாடகத்தில் கொள்ளேகால், மைசூர்ப் பக்கம் எடுத்தது.

முதல் இடம்: கேத்தி

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நீலகிரிக்குப் போங்கள். மீட்டர் கேஜ், நீராவி எஞ்சின், பழைய ஸ்டேஷன்கள் மூன்றும் ஒன்றாக உயிரோடு இருப்பது தமிழ்நாட்டில் அங்கே மட்டும்தான். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததால் யாரும் அகலப்பாதையாக்கிவிடவில்லை.

"மூன்றாம் பிறை" (1982) கடைசிக் காட்சி எடுத்தது கேத்தி ஸ்டேஷனில். மழையில் நனைந்து, நொண்டிக்கொண்டே பிளாட்பாரத்தில் குரங்கு வித்தை காட்டும் கமல், ஜன்னலோரத்தில் அடையாளம் தெரியாமல் பார்க்கும் ஸ்ரீதேவி. அந்த ஆண்டு கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. ரயில் பிரியர் கண்ணால் பார்த்தால் அந்தக் காட்சியின் பாதிக் கனம் ரயிலுடையது. மலை ரயில் சட்டென்று வேகமெடுக்காது. மெதுவாக நகரும் வண்டிக்கு ஈடாக ஒரு மனிதன் ஓடிக்கொண்டே இருக்க முடிகிறது, பிரிவு அவ்வளவு நேரம் நீள்கிறது. சமவெளியில் எக்ஸ்பிரஸ் வண்டியை வைத்து இதை எடுத்திருக்கவே முடியாது.

கேத்திக்குப் போக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவர வேண்டிய கட்டாயமில்லை. ஊட்டி–குன்னூர் இடையே பகலில் சில வண்டிகள் டீசலில் ஓடுகின்றன. ஊட்டியில் ஏறினால் லவ்டேல், அடுத்தது கேத்தி. இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, எதிர்வண்டியில் திரும்பிவிடலாம். நேர அட்டவணையை மட்டும் முந்தின நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம்.

நீராவி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போயே ஆக வேண்டும். காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் என்று சொன்னால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்கு முன்னால் எதுவும் மறைக்காது. அந்தப் பெட்டி முதல் வகுப்பு. காசு பார்க்காதீர்கள், கிடைத்தால் எடுத்துவிடுங்கள். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். பெட்டிக்குள் கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஸ்டேஷன்களில் இறங்கிக்கொள்ளலாம். பெரிய சூட்கேஸ்களை ஏற்றிக்கொண்டு வராதீர்கள், வைக்க இடமில்லை. காரில் மேலே அனுப்பிவிடுங்கள்.

"உயிரே" (1998) படத்தின் "தையா தையா" பாட்டை எடுத்தது இந்தப் பாதையில் ஓடும் ரயிலின் கூரை மேல்தான். ஏ.ஆர். ரகுமான் இசை, ஃபாரா கான் நடனம், சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு. அதைப் பார்த்துவிட்டு வந்து கூரையில் ஏறிப் படம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ரயில்வே சட்டம் 156-வது பிரிவின்படி கூரைப் பயணம் தண்டனைக்குரிய குற்றம். தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுத்தால் 147-வது பிரிவு பாயும், அபராதம் 1,000 ரூபாய் வரை போகும், சிறைக்கும் இடமுண்டு. ஜன்னலிலிருந்து பாட்டின் மலைகள் எல்லாம் தெரியும். டேவிட் லீன் 1984-ல் எடுத்த "எ பாசேஜ் டு இந்தியா"வில் வரும் மலை ரயிலும் இதுவே.

பயணச்சீட்டு விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். மலை ரயிலில் இருக்கைகள் குறைவு, ஏப்ரல்–மே சீசனில் திறந்த சூட்டோடு தீர்ந்துவிடும். முந்தின நாள் திறக்கும் அவசர முன்பதிவான தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2025 ஜூலை முதல் ரயில்வேயின் ஐஆர்சிடிசி முன்பதிவுத் தளத்தில் தட்கல் எடுக்க ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும், உங்களில் பலருக்கு ஆதாரே இருக்காது. ஊரில் இருக்கும் சித்தப்பா மகனோ மச்சானோ தன் சொந்தக் கணக்கில் உங்களுக்கு எடுத்துத் தரலாம், அதில் தவறில்லை. பயணத்தின்போது பாஸ்போர்ட் அசலைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொரு சங்கடம் காலம். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைச்சரிவில் மண் சரிவதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்படி நேர்ந்தால் வண்டியை நாள்கணக்கில் ரத்து செய்வார்கள். பொங்கலுக்குப் பிறகு போனால் நிம்மதி. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு 9 மணியை ஒட்டி சென்ட்ரலில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும்.

தண்டவாளம் இல்லாத ஒரு பாதை

"ஒருதலை ராகம்" (1980) பார்த்தவர்களுக்குக் கல்லூரி மாணவர்கள் தினமும் ஏறி இறங்கும் அந்தச் சின்ன ரயில் நினைவிருக்கும். காதலும் கேலியும் பாட்டும் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–தரங்கம்பாடி கிளைப்பாதை அது. 1926-ல் போட்டு, 60 வருடம் ஓடி, 1986-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள்.

போவதில் என்ன இருக்கிறது என்பீர்கள். எனக்குப் பிடித்த இடங்களில் இது ஒன்று, ரயில் பிரியராக இல்லாத குடும்பத்தாரை மட்டும் வற்புறுத்த மாட்டேன். எழும்பூரிலிருந்து மெயின் லைன் வண்டியில் மயிலாடுதுறை போய், அங்கிருந்து தரங்கம்பாடி பஸ்ஸில் ஏறுங்கள். வழியில் மன்னம்பந்தலில் கல்லூரி வரும், அந்தப் படத்தின் கதையையும் பாட்டுகளையும் எழுதிய டி. ராஜேந்தர் படித்த கல்லூரி. சாலையோரத்தில் பழைய பாதையின் மேடு சில இடங்களில் தெரியும். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ரயில் எங்கே நின்றது, யார் யார் ஏறினார்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையும் கடலும் இருப்பதால் கூட வந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"கிழக்கே போகும் ரயில்" (1978) படத்துக்கு இப்படி விலாசம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்பும் சேதியைப் பற்றி ரயில் பிரியர்கள் கூடினால் ஒரு வாதம் நிச்சயம் நடக்கும். வண்டி போய்த் திரும்பி வரும்போது எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகிவிடும், பிறகு சேதி எப்படிக் கண்ணில் படும் என்பது ஒரு கட்சி. காதல் படத்தில் ஷண்டிங் கணக்குப் பார்க்காதே என்பது எதிர்க்கட்சி. நான் முதல் கட்சி.

பாரதிராஜா, இளையராஜா ஊர்ப்பக்கம் ரயிலிலேயே போக வேண்டும் என்றால் இப்போது முடியும். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையாகித் தேனிவரை 2022-லும் போடிநாயக்கனூர் வரை 2023-லும் திறந்தார்கள். சென்னையிலிருந்து நேர் வண்டி உண்டு, தினசரி அல்ல.

சென்னையில் ஒரு நாள்

விமானம் இறங்கிய களைப்போடு ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். தூண்கள் நிற்கும் அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. பிறகு பீச் ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். இதன் ஸ்டேஷன்களைப் பார்த்தவுடன் "இங்கே பார்த்திருக்கிறோமே" என்று தோன்றும். ஆளில்லாத பெரிய கான்கிரீட் மண்டபங்கள், பாதி இருட்டு, நீண்ட படிக்கட்டுகள். தமிழ் சினிமாவின் வில்லன்கள் துரத்தியதும் அடி வாங்கியதும் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். திருமயிலையில் இறங்கிச் சுற்றிப் பாருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே.

மதியம் பெரம்பூர் பக்கம் ஐசிஎஃப் ரயில் அருங்காட்சியகம். ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது 1955-ல். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் வரும் பெட்டிகள் பலவும் இங்கே செய்தவைதான், பழைய மாதிரிகளைத் தொட்டுப் பார்க்கலாம். "பச்சை விளக்கு" (1964) படத்தில் சிவாஜி ரயில் டிரைவராக வருவார். அந்தக் காலத்துக் கரி எஞ்சினின் அடுப்பும் கைப்பிடிகளும் எப்படி இருந்தன என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையா? இங்கேயும் திருச்சி ரயில் அருங்காட்சியகத்திலும் பழைய எஞ்சின்கள் நிற்கின்றன. திருச்சி வரை போகிறவர்களுக்கு ஒரு சேதி: நீலகிரிக்கான புது நீராவி எஞ்சின்களைக் கட்டுவது அங்கேயுள்ள பொன்மலைப் பணிமனைதான்.

பிளாட்பாரத்தில் செல்போனில் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை, பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் மட்டும் எடுத்துவிடுங்கள். முக்காலியும் மைக்கும் வைத்து யூடியூபுக்கு எடுக்க ஆரம்பித்தால் ரயில்வே போலீஸ் வந்து அனுமதிக் கடிதம் கேட்பார்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2022 முதல் இந்தியாவுக்குள் டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள்.

பாம்பனும் அக்கரையும்

பழைய படங்களில் பார்த்த பாம்பன் பாலத்தில் இனிப் போக முடியாது. 1914-ல் திறந்த பாலம், நடுவில் இரண்டு கைகளாகத் தூக்கும் இரும்புச் சட்டம் கொண்டது. 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் கட்டிய புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது, இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் போல அப்படியே மேலே ஏறும். ரயில் கடலைத் தாண்டும் படம் வேண்டுமென்றால் ரயிலில் இருக்காதீர்கள், சாலைப் பாலத்தின் மேல் நில்லுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போய் 1964 புயல் மிச்சம் வைத்த ஸ்டேஷன் சுவர்களையும் பார்த்துவிடுங்கள். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன போட் மெயில் பயணிகள் இறங்கிய இடம் அது.

ஈழத்துக்குப் போகிறவர்களுக்குக் கொழும்பு–யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவி. 1956-ல் ஓடத் தொடங்கி, 1990-ல் போரால் நின்று, 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. மலையகப் பாதையில் 1921-ல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லோரும் படம் எடுத்திருப்பார்கள். அந்தப் பாதைகள் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அடிக்கடி துண்டிக்கப்படுவதால், எந்தப் பகுதி ஓடுகிறது என்று போவதற்கு முன் விசாரியுங்கள்.

மலேசியத் தமிழர்களுக்கென்று ஒரு இடம்: கித்துள்கல. "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" (1957) பாலத்தை டேவிட் லீன் கட்டியதும் நிஜ ரயிலோடு வெடித்ததும் இலங்கையில் களனி ஆற்றின் மேல், கொழும்பு–ஹட்டன் சாலையோரம். பெயருக்கு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிப் போட்ட சயாம் மரண ரயில் பாதையின் கதை. ஆனால் அங்கே செத்துமடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்கள் அந்தப் படத்தில் இல்லை. உங்கள் தாத்தாவோ அவர் அண்ணனோ அந்தப் பாதை போடப் போய்த் திரும்பாதவராக இருந்தால், இதைத் தெரிந்துகொண்டே போய்ப் பாருங்கள்.

இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. கொழும்பிலிருந்து ரயிலில் காங்கேசன்துறை, அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் கப்பல், நாகையிலிருந்து ரயிலில் திருவாரூர் வழியாக மயிலாடுதுறைப் பக்கம். இந்திய விசாவோ ஓசிஐ அட்டையோ முன்பே கையில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது கப்பல் நின்றுவிடும், டிசம்பரில் வருகிறவர்கள் இதை நம்பித் திரும்பும் விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள்.