படம் எடுத்த இடத்துக்கே படத்தைக் கொண்டுபோங்கள்: பினாங்கில் ஒரு தெருநடை நடத்தும் விதம்

ஜார்ஜ்டவுனின் லெபோ பாசாரை (மலாயில் லெபோ என்றால் தெரு) இன்றும் கடைத்தெரு என்றே சொல்லும் தலைமுறை எங்களுடையது. அதையொட்டிய ஒரு சந்து முனையில் எனக்குப் படச்சட்டம் போடும் கடை. சாமி படம், பட்டமளிப்புப் படம், இறந்தவர் படம், இவைதான் வேலை. இறந்தவர் படத்தைப் பலரும் பழைய சட்டத்தோடேயே கொண்டு வருவார்கள். துருவேறிய ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்து, கரையான் தின்ற பின்னட்டையை விலக்கினால் உள்ளே சில சமயம் இன்னொரு படம் இருக்கும், கடிதம் இருக்கும், ஒருமுறை மடித்து வைத்த ஜாதகம்கூட இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா தன் அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தோடு வந்தார். பின்பக்கம் பென்சிலில், "ரஜூலாவில் அனுப்ப வேண்டியது" என்று எழுதியிருந்தது. 1926இல் கட்டிய அந்த ரஜூலாக் கப்பலில்தான் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய் வந்தன. ஊருக்கு அனுப்ப எடுத்த படம், என்ன காரணமோ, இங்கேயே சுவரில் தங்கிவிட்டது.

"இது எந்த இடம்னு தெரியலண்ணே. அம்மா டவுன்லதான் குடியிருந்தாங்க, அது மட்டும் தெரியும்" என்றார்.

பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் அஞ்சடியின், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையின், ஒரு தூண். கதவுக்கு மேலே வௌவால் சிறகு விரித்தது போன்ற காற்றுத்துளை. அந்தத் துளையை நான் தினமும் லெபோ கிங்கில் பார்த்துக்கொண்டு நடக்கிறவன். கடையைச் சாத்திவிட்டு அக்காவைக் கூட்டிப் போனேன். படத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, படத்திலிருக்கும் தூணும் எதிரே நிற்கும் தூணும் ஒன்றாகும்வரை இரண்டடி முன்னால், ஓரடி பின்னால் என்று நகர்ந்தோம். சரியாக வந்ததும் அக்கா போய்த் தூணில் உள்ளங்கையை வைத்தார். பூக்கட்டும் அம்மா ஒருவர் நின்றார். கேஸ் தோம்பு ஏற்றிவந்த பையன் மோட்டாரை நிறுத்தினான். வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் என்ன என்று கேட்டார்கள். அக்கா தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். அதுதான் எங்கள் முதல் தெருநடை.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நடத்துகிறோம். கோலாலம்பூர், ஈப்போ என்று பல ஊர்களிலிருந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சுருக்குங்கள். ஜார்ஜ்டவுன் முழுவதையும் காட்டப் புறப்பட்டால் ஒன்றும் காட்ட முடியாது. நாங்கள் ஐந்து நிறுத்தம்தான் வைக்கிறோம்: லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயில், லெபோ கிங்கில் அந்தத் தூண், லெபோ சூலியா முனையில் நாகூர் தர்கா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கடைசியாகக் கடல் பக்கம் லெபோ பந்தாய். நிற்க, கேட்க, மெதுவாக நடக்க எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் போனால் பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், சின்னவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இடம் முடிவானதும் அந்த இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று விசாரியுங்கள். பலகையில் இருக்கும் பெயர் வேறு, பாட்டி வாயில் இருக்கும் பெயர் வேறு. வாட்டர்ஃபால் நமக்குத் தண்ணீர்மலை. ஆயர் ஈத்தாம் சாலையில் டோபி காட் என்பது வண்ணாந்துறை. அந்தப் பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு அங்கிருந்துதான் பிடிக்கும்.

கதை சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் இப்போது டவுனில் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு நீக்கப்பட்டதும் வாடகை ஏறி, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பாயான் பாரு, ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டடம் இருந்தது, அதில் வாழ்ந்தவர்களில் பலர் இல்லை. அதனால் ஆட்களைத் தேடிப் போக வேண்டியது உங்கள் வேலை. சும்மா போகாதீர்கள், ஒரு பழைய படத்தோடு போங்கள். அவர்கள் குடும்பப் படமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தெருவின் படமாக இருந்தால் போதும். விரல் தானாகப் படத்தின் மேல் போகும்.

"உங்க வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "தண்ணி எங்க பிடிச்சீங்க பாட்டி?", "காலைல எந்தச் சத்தத்துல எழுந்தீங்க?", "இந்த மூணாவது ஆள் யாரு?" என்று கேளுங்கள். ஜப்பான் காலத்தைக் கேட்கும்போது மட்டும் மெதுவாகப் போங்கள். 1941 டிசம்பர் 11இல் குண்டு விழுந்த அன்று, விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த சனம்தான் செத்தது. அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, "கோப்பி குடிங்க தம்பி" என்றார். நான் கோப்பி குடித்தேன். மறுபடி கேட்கவில்லை.

படத்தை நகலெடுப்பது என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். படத்தை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள், அவர்கள் கொடுத்தாலும். ஜன்னல் ஓரம் மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் தலை பெருத்துக் கால் சிறுக்கும். சட்டத்திலிருந்து எளிதாக வருமானால் கண்ணாடியை எடுத்துவிட்டு எடுக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் படத்தின் மேல்தோல் கண்ணாடியில் ஊறி ஒட்டியிருக்கும், இழுத்தால் முகமே உரிந்து வரும். ஒரு கறுப்புத் துணியில் கைப்பேசிக் கண் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் நின்று கண்ணாடியோடேயே எடுங்கள்; பளபளப்பு விழாது. பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சில் எழுத்து எல்லாம் அங்கேதான். நீங்கள் ஏதாவது குறிக்க வேண்டுமானால் பென்சிலால் ஓரமாக எழுதுங்கள், பால்பேனா வேண்டாம், அது முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும்.

அனுமதியை மூன்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். நடையில் கையில் பிடித்துக் காட்டலாமா? பெரிதாக அச்சடிக்கலாமா? இணையத்தில் போடலாமா? ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதற்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. ஒரு பாட்டியின் வாலிப வயதுப் படத்தை, நல்லதுக்குத்தானே என்று ஒரு நிகழ்ச்சிக்காரர்களிடம் நானே கொடுத்தேன். பெரிய பதாகையில் அந்தப் படத்தைப் போட்டு, கீழே "அக்கால இந்தியப் பெண்" என்று மட்டும் எழுதினார்கள். பெயர் இல்லை. பேத்தி பதாகைக்கு அடியில் நின்று எனக்குப் போன் செய்து அழுதாள். படத்தைக் கேட்காமல் கொடுத்தது என் தவறு. அன்றிலிருந்து இரண்டு பிரதியாக ஒரு தாள் எழுதி, ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். யார், எந்த இடம், எதற்கு அனுமதி, பெயர் எப்படி எழுத வேண்டும். நான்கு வரிதான்.

இனி, சொல்வது சரியா என்று பார்ப்பது. என் நோட்டில் ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் கல், தாள், வாய் என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பேன். கோயில் கல்வெட்டு, கட்டடத்தின் நெற்றியில் பொறித்த வருடம், கல்லறை எல்லாம் கல். பழைய பத்திரிகை, பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தாள். மற்றதெல்லாம் வாய். மகாமாரியம்மன் கோயில் 1833, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801, இந்நாட்டில் தமிழ் வகுப்பு முதலில் நடந்தது 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில், இவற்றைத் தயங்காமல் சொல்லலாம். "எங்க தாத்தாதான் இந்தத் தெருவில் முதல் பசியாறக் கடை போட்டார்" என்பதை, "அவர் பேரன் சொல்கிறார்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் கதைக்கு மதிப்புக் குறையாது. பத்திரிகை தேட வெளியூர் போக வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பினாங்கு கெசட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பழைய இதழ்கள் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. தெருப் பெயரைப் பழைய ஆங்கிலப் பெயரில் போட்டுத் தேடுங்கள். அப்போது லெபோ என்று யாரும் எழுதவில்லை.

இவ்வளவு பார்த்தும் தவறும். ஒரு வீட்டைக் காட்டி, செட்டியார் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை, என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, அது மளிகைச் சாமான் கிடங்கு. நான் அங்க கணக்கு எழுதினவன்" என்றார். அவரையே முன்னால் கூப்பிட்டு மீதியைச் சொல்ல வைத்தேன். முன்னால் வந்துபோனவர்களின் வாட்சப் குழுவிலும் அன்றைக்கே திருத்தம் போட்டேன். அந்தப் பெரியவர் இப்போது எங்கள் மூன்றாவது நிறுத்தத்தின் ஆள்.

காசு வாங்காதீர்கள். சம்பளத்துக்கு வழிகாட்ட இந்நாட்டில் சுற்றுலா வழிகாட்டி உரிமம் வேண்டும். கட்டணம் வைத்துத்தான் நடத்த வேண்டும் என்றால் உரிமம் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலிலும் தர்காவிலும் பள்ளிவாசலிலும் இரண்டு வாரத்துக்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் அல்ல. பூசை நேரம், தொழுகை நேரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் ஞாயிறு காலை 8 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கிறோம். ஜூலை 7 பினாங்கில் பொது விடுமுறை, அன்று டவுன் முழுவதும் விழாவாக இருக்கும். புதியவர்கள் வருவார்கள், ஆனால் பெரியவர்கள் பேசுவது கேட்காது. முதல் நடையை அன்று வைக்காதீர்கள்.

அறிவிப்பில் அழகைவிட முகவரி முக்கியம். "லிட்டில் இந்தியாவில் சந்திப்போம்" என்று ஒருமுறை போட்டுவிட்டோம்; ஆட்கள் மூன்று முனையில் மூன்று கூட்டமாக நின்றார்கள். இப்போது இப்படித்தான் எழுதுகிறோம்: "லெபோ குவீன், மாரியம்மன் கோயில் கோபுர வாசல், காலை 7.45. ஒன்றேகால் மணி நேர நடை, படி ஏற வேண்டியதில்லை. செருப்பு கழற்ற எளிதாக இருக்கட்டும். தோளும் முட்டியும் மறையும் உடை. குடை." தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் போடுங்கள். நம் கதையை மலாய், சீன அண்டைவீட்டாரும் கேட்க வர வேண்டும். அவர்கள் வீட்டிலும் அதே தெருவின் படங்கள் இருக்கின்றன. இருபது பேர் சேர்ந்ததும் பதிவை நிறுத்திவிடுங்கள்.

அன்றைக்குக் கொண்டுபோக வேண்டியவை: நான்கு பிளாஸ்டிக் முக்காலி, தண்ணீர், சின்ன ஒலிபெருக்கி, சாக்கட்டி, படங்கள். படத்தை லேமினேட் செய்யாதீர்கள், வெயிலில் வெள்ளையாக மின்னி ஒன்றும் தெரியாது. மங்கல் தாளில் அச்சடித்து, கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். பெரியவரை முக்காலியில் உட்கார வைத்து, படத்தை அவர் மடியிலேயே கொடுங்கள். ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள். அவர் நிறுத்தினால் உடனே நிரப்பப் பார்க்காதீர்கள். பாதி நேரம் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார்.

பள்ளிவாசல் முன்னால் நிற்கும்போது "கெலிங்" என்ற சொல்லைக் கட்டாயம் பேசிவிடுங்கள். பிள்ளைகள் பள்ளியில் வசவாகக் கேட்ட சொல் அது, பலகையில் பார்த்ததும் முகம் மாறும். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியரைக் குறிக்க மலாயில் வழங்கி, பிறகு இழிசொல்லாக மாறியதையும், இந்தப் பள்ளிவாசலை எழுப்பிய காதிர் முகைதீன் அந்தச் சமூகத்தின் கப்பித்தானாக, அதாவது தலைவராக, மதிக்கப்பட்டவர் என்பதையும் நேராகச் சொல்லுங்கள்.

லெபோ பந்தாயில்தான் சாக்கட்டி. பந்தாய் என்றால் கடற்கரை. கடல் ஒரு காலத்தில் இந்தத் தெரு ஓரம்வரை வந்தது, 1880களில் தூர்த்துத்தான் பெங்காலான் வெல்ட் என்ற கரையோரச் சாலையை உண்டாக்கினார்கள். அஞ்சடி ஓரமாக ஒரு நீளக் கோடு போட்டு, "இந்தப் பக்கம் தரை, அந்தப் பக்கம் தண்ணி" என்று சொன்னால் பிள்ளைகள் குதிக்கத் தொடங்குவார்கள். அவர்கள் குதிக்கும்போது, தாத்தா தோளில் மூட்டையோடு படகிலிருந்து எங்கே கால் வைத்திருப்பார் என்று கேளுங்கள்.

முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பசியாறுங்கள். தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் "எங்க வீட்லயும் ஒரு படம் இருக்கு" என்று யாராவது ஆரம்பிப்பார். அதற்கென்று நோட்டைத் திறந்தே வையுங்கள். ஒரு வாரத்துக்குள் ஒலிப்பதிவைப் பேசியவரின் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். நான் படத்தின் ஒரு நகலைச் சட்டமிட்டுக் கொடுப்பேன். பின்னட்டையில் பென்சிலால் பெயர், தெரு, எத்தனையாவது தூண் என்று எழுதித்தான் ஆணி அடிப்பேன்.

போன நடையில் கல்யாணப் படத்து அக்கா தன் பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். எட்டு வயது. லெபோ கிங்கில் படத்தை அவள்தான் பிடித்தாள். கை எட்டாமல் படம் தாழ்ந்துபோனதால் தூண் பொருந்தவில்லை. முக்காலி ஒன்றைப் போட்டு அவளை மேலே ஏற்றி நிறுத்தினோம்.